ஜவாஹிர் கேட்ட கடல்

கிண்ணியா ஜவாஹிருக்கு இடது காது பாதி கேட்கும். வலது காது அதுவும் இல்லை. அதற்காக அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடிய பயணிகள் படகான லோஞ்சில் பத்தொன்பது வருடம் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். அந்தச் சின்ன அறைக்குள், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு நாலு தடவை கொட்டியாரக் குடாவைக் கடந்தார். மேல்தட்டில் இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். அவர் பார்த்தது எஞ்சினையும் எண்ணெய்த் துணியையும்தான். கரை வந்துவிட்டது என்பதை மேலிருந்து அடிக்கும் மணியைக் கொண்டு அறிந்துகொள்வார்.

பாலங்கள் வந்து தரைவழித் தூரம் சுருங்கியதும் லோஞ்சுக்கு ஆள் குறைந்தது. அதன் பிறகு ஜவாஹிர் வீட்டு வளவுக்குள் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தத் தொடங்கினார். கேட்காத காதோடு எஞ்சினின் நோயைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. நீளமான ஸ்குறூ டிறைவர் ஒன்றின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்வார். காற்றில் வரும் சத்தம்தான் அவருக்குப் பாதி. எலும்பில் ஏறி வரும் சத்தம் முழுசாகக் கேட்கும். சல்லியில் இருந்து புல்மோட்டை வரைக்கும் கடற்கரை ஆட்கள் அவரைத் தேடி வந்தது அதனால்தான்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவரைத் தேடி ஒரு பாய்க்கப்பல் வந்தது.

அதன் சொந்தக்காரி லிங்கநகர் யசோதரா. கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவின் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கூட வேலை செய்த நாலு பேரோடு சேர்ந்து பாயோட்டப் பழகி, லீவு கிடைத்த போதெல்லாம் தீவைச் சுற்றி வந்திருக்கிறார். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. நோய் வந்து நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் உள்துறைமுகத்தில் விட்டுப்போன முப்பத்துநாலு அடிப் பாய்க்கப்பலை வாங்கிவிட்டார். அதற்குக் காவல் இருந்து, பாசி சுரண்டி, கயிறு மாற்றிக் கொடுத்தவர் சல்லியைச் சேர்ந்த மீனவர் வீரசிங்கம். எஞ்சினைப் பார்க்க ஜவாஹிரைக் கூட்டிவந்தவரும் அவர்தான். மூன்று பேரும் நாலு மாதம் அந்தக் கப்பலுக்குள் முதுகு வளைத்து வேலை செய்தார்கள். வேலைக்கு நடுவே தேநீர் குடித்துக் குடித்தே சிநேகிதர் ஆனார்கள். யசோதராவுக்கு ஜவாஹிர் ‘நானா’, அதாவது அண்ணன்; ஜவாஹிருக்கு அவர் ‘மிஸ்ஸி’, தாதிமாரைக் கூப்பிடும் பெயர்.

ஏப்ரலில் ஒரு வெள்ளோட்டம் போவதென்று முடிவானது. துறைமுக வாயைத் தாண்டி, குடாவின் கிழக்குக் கரையில் நிற்கும் பழைய வெளிச்சவீடு வரை போய் அன்றைக்கே திரும்புவது. அதற்கான அனுமதிக் கடிதமும் கிடைத்தது. ஆனால் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்ப் உடைந்துபோனது. புதுப் பம்ப் கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"அஞ்சு நிமிசம் ஓட்டலாம் மிஸ்ஸி. அதுக்கு மேல ஓட்டினா சூடேறிச் செத்துப்போகும்" என்றார் ஜவாஹிர்.

"கடிதம் அந்த ஒரு நாளைக்குத்தான் நானா. பரவாயில்லை, பாயில போவம்."

"எஞ்சின் இல்லாமக் கடலுக்கா? பிரேக் இல்லாத லொறியில ஏறுற மாதிரி இரிக்கி."

வீரசிங்கம் சிரித்தார். "அப்பர்மாரின்ர காலத்தில என்ன எஞ்சினோ இருந்தது? காலமை கரைக்காத்து கொண்டுபோகும். பின்னேரம் கடல்காத்து கொண்டுவந்து விடும். நீ சும்மா வா."

ஜவாஹிர் போனார். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் போனார். மனைவி றம்ஸியா இறைச்சி றொட்டி சுட்டு, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

விடிந்த கையோடு எஞ்சினை மூன்று நிமிடம் ஓட்டி, நிற்கும் வள்ளங்களின் நடுவிலிருந்து கப்பலை வெளியே எடுத்தார்கள். யசோதரா கயிற்றை இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு ஏறி, பிறகு ஒரு பக்கமாக உப்பி நின்றது. "இனி நிப்பாட்டுங்கோ நானா" என்றார்.

ஜவாஹிர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. நின்றதும் அவருடைய கால்கள்தான் முதலில் பதறின. வாழ்நாள் முழுக்க, அதிர்வு நின்றால் பயணம் நின்றது என்று பழகிய கால்கள். கீழே இறங்கி எஞ்சினில் கை வைத்துப் பார்த்தார். சூடாக, அசையாமல் இருந்தது. ஆனால் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேலே வந்து கரையைப் பார்த்தார். தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"ஓடுது" என்றார்.

"ஓம் நானா, ஓடுது" என்று யசோதராவும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. முதன்முதலாகத் தானும் அப்படித்தான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

துறைமுக வாயைத் தாண்டியபோது சூரியன் கோணேசர் மலையின் முகத்தில் விழுந்தது. ஊரிலிருந்து எத்தனையோ தடவை ஏறிப் பார்த்த மலை. கடலில் நின்று பார்த்தபோது அது வேறொன்றாக இருந்தது. செங்குத்தாக, ஒரே பாறையாக, தண்ணீருக்குள் இறங்கி, இறங்கியது போதாதென்று இன்னும் கீழே போவது போல நின்றது. ஜவாஹிர் கழுத்தை நிமிர்த்தியபடியே இருந்தார். இதன் முன்னால்தான் அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வந்திருக்கிறார்.

சுக்கானுக்குப் பக்கத்தில் ஆழம் காட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. இருபது மீற்றர் என்றது. கொஞ்ச நேரத்தில் அறுபது, நூற்றுப்பத்து. பிறகு இலக்கங்களே போய், வெறும் கோடுகள் மட்டும் நின்றன. பழுதாகிவிட்டதோ என்று ஜவாஹிர் தட்டிப் பார்த்தார்.

"பழுதில்லை" என்றார் யசோதரா. "அதுக்கு எட்டேல்லை. இந்தக் குடாவுக்குள்ளயே ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குது. மலைக்குள்ள இருக்கிற மாதிரி. நாங்கள் இப்ப அதின்ர மேலதான் போறம்."

"வலை இறக்கினாலும் அடி தட்டாது" என்றார் வீரசிங்கம். "எங்கட ஆக்கள் இதுக்கு அடியே இல்லை எண்டுதான் சொல்லுறவை."

ஜவாஹிர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். நீலம் கறுப்பாகிக்கொண்டு போனது. தான் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த வாளிக்குக் கீழே, ஒரு விரல் தடிப்புப் பலகைக்கு அப்பால், இவ்வளவு காலமும் இதுதான் இருந்ததா? அவருக்கு மயிர்க்கால்கள் கூசின. பயமென்று சொல்ல முடியாது.

பத்து மணியளவில் வெளிச்சவீடு தெரியும் தூரத்தில் காற்று விழுந்துவிட்டது. பாய் தொய்ந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல மினுங்கியது. வீரசிங்கம் வெயிலுக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, கடல்காற்று வரப் பகல் ஒரு மணியாகும் என்றார். ஜவாஹிர் எஞ்சினின் தண்ணீர்க் குழாயை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கினார். குழாயை எட்டிப் பிடிக்கச் சரிந்தபோது தலை கப்பலின் சுவரில் முட்டியது.

டக். டக். டக்.

தலையை எடுத்தார். சத்தம் இல்லை. மீண்டும் வைத்தார். டக், டக், டக். வால்வு தளர்ந்த எஞ்சின் அடிக்கும் அதே அடி. ஆனால் எஞ்சின் நின்று நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது. பெட்டியிலிருந்து ஸ்குறூ டிறைவரை எடுத்து, எஞ்சினில் ஊன்றிக் கேட்டார். செத்த அமைதி. பிறகு நுனியைக் கப்பலின் சுவரில், நீர்மட்டத்துக்குக் கீழே ஊன்றி, பிடியை எலும்பில் அழுத்தினார்.

ஒன்றல்ல. பத்து, இருபது. ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக, ஒன்றுக்கு இன்னொன்று மறுமொழி சொல்வது போல, கீழே எங்கேயோ பெரிய பட்டறை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

"மிஸ்ஸி!" என்று கத்தினார். "கீழ ஆரோ தட்டுறாங்க!"

யசோதரா இறங்கி வந்து, ஸ்குறூ டிறைவரை வாங்கி, அவர் காட்டியபடி வைத்துக் கேட்டார். அவருடைய முகம் மாறியது. "திமிங்கிலம் நானா" என்றார் மெதுவாக. "அந்தத் தீவிலயும் இதுகள்தான். நாங்கள் தண்ணிக்குள்ள மைக் ஒண்டை இறக்கிக் கேப்பம். அடியில இருட்டுக்குள்ள இரை தேடேக்க இப்பிடித்தான் தட்டுதுகள். அந்தத் தட்டுதான் அதுகளுக்குக் கண்."

அடுத்து வீரசிங்கம் கேட்டார். "வள்ளம் கட்டுற ஓடாவிமார் கூடி வேலை செய்யிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். ஐம்பது வருடம் இந்தக் கடலில் தொழில் செய்தவர். தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறாரே தவிர, அது கதைத்துக் கேட்டதில்லை.

ஜவாஹிர் திரும்பவும் காது வைத்துக்கொண்டிருந்தபோது தட்டல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் ஒன்று மட்டும் அடித்தது. பிறகு அதுவும் நின்றது. "நிண்டுட்டு" என்றார்.

"அப்ப மேல வருகினம்" என்றார் யசோதரா.

மூவரும் மேல்தட்டுக்கு ஓடினார்கள். நூறு மீற்றர் தள்ளிக் கடல் கொப்பளித்து, புஸ் என்ற பெருமூச்சோடு நீர்ப்புகை சரிந்து எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஆறு. அறுத்துப் போட்ட பெருமரங்கள் போல அசையாமல் மிதந்தன. ஒன்றின் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டி ஒன்று நின்றது. குட்டியென்றால் வீரசிங்கத்தின் வள்ளத்தளவு.

நீரோட்டம் கப்பலை அவற்றின் பக்கமாகவே தள்ளியது. எண்பது மீற்றர். ஐம்பது. வீரசிங்கம் எழுந்து நின்றுவிட்டார். யசோதராவின் குரலும் இறுகியது.

"நானா, அந்த அஞ்சு நிமிசத்தை இப்ப எடுப்பம். ஸ்டார்ட் பண்ணி விலகுவம்."

ஜவாஹிர் சாவியில் கை வைத்தார். வைத்த கையைத் திருப்பவில்லை.

"பத்தொம்பது வருசம் இதுகள்ட தலைக்கி மேல எஞ்சினோட நான் இரைஞ்சிரிக்கன் மிஸ்ஸி" என்றார். "இதுகள் காதாலதானே பாக்குது? நான் எத்தின தரம் கண்ணுல குத்தினனோ தெரியா. இண்டைக்கி ஒரு நாள் சும்மா இரிப்பம்."

யசோதரா அவரைப் பார்த்தார். பிறகு சுக்கானைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

குட்டிதான் முதலில் வந்தது, பார்க்கும் ஆசையில். அதன் பின்னால் தாய், அவசரமில்லாமல், கப்பலை நோக்கியே வந்தது. வந்து, முன்னால் தலையைத் தாழ்த்தி, கப்பலுக்கு அடியில் நுழைந்தது. ஜவாஹிர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சுருங்கிய சாம்பல் தோல் கடந்து போனது. முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பழைய தழும்புகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. பாதி வழியில் அது உடம்பைச் சரித்தது. ஒரு கண், உள்ளங்கையளவு கூட இல்லாத ஒரு கண், அவரை நேராகப் பார்த்தது. கப்பல் ஒரு சாண் உயர்ந்து, திரும்பவும் மெல்ல அமர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கீறல் போடாமல் மறுபக்கம் வெளியேறியது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஜவாஹிர். பக்கத்தில் வீரசிங்கம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். யசோதரா விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கிடந்து மூச்செடுத்துவிட்டு, அவை ஒவ்வொன்றாக முதுகை வளைத்து, வாலை வானத்துக்கு உயர்த்தி, தெறிப்பில்லாமல் இறங்கின. குட்டியும் இன்னொரு திமிங்கிலமும் மட்டும் மேலே நின்றன. "அது காவல்" என்றார் யசோதரா. "தாய் இரைக்குப் போனா மற்றது பிள்ளையைப் பாத்துக்கொள்ளும்."

வீரசிங்கம் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முந்தியே கிழக்கில் கடல் கறுத்து, காற்று வந்தது. வெளிச்சவீட்டின் வெள்ளைச் சுவர் தெரியுமளவுக்குக் கிட்டப் போய், றொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். ஜவாஹிர் கடல்தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்துகொண்டு, பகல் தொழுகையான ளுஹர் தொழ நின்றார். கப்பல் திரும்பினால் மக்காவை நோக்கிய கிப்லாவும் திரும்பிவிடுமே என்று தயங்கினார். வீரசிங்கம் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, "நீ தொழு. முடியுமட்டும் ஒரே கோட்டில பிடிக்கிறன்" என்றார். சொன்னபடியே பிடித்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கையை விரித்துக் காட்டினார். கை போதாமல் எழுந்து நின்று காட்டினார். றம்ஸியா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கடலாலதானே நீங்க பத்தொம்பது வருசம் போய் வந்த, அம்ராட வாப்பா?" என்று வழக்கம்போல மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்.

"போனன். பாக்கல்ல" என்றார் ஜவாஹிர்.

பதினொரு நாள் கழித்துப் பம்ப் வந்தது. அவரே அதைப் பூட்டினார். எஞ்சின் குறைசொல்ல முடியாமல் ஓடுகிறது. ஆனால் துறைமுக வாயைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது அந்தக் கப்பலில் இப்போது சட்டம். ஜூன் மாதம் புல்மோட்டை வரை மூன்று நாள் பயணம் போனபோது றம்ஸியாவும் ஏறினார். நிலாவெளி தாண்டும்வரை வாந்தி எடுத்தார். குச்சவெளியில் எலுமிச்சை நீர் குடித்தார். கரையோரம் மணல் கறுத்துத் தெரியத் தொடங்கிய இடத்தில் எழுந்து உட்கார்ந்து, சுக்கானைக் கொஞ்சம் தரச் சொல்லி வீரசிங்கத்திடம் கேட்டார். திரும்பி வரும்போது அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.