ஒன்பதாம் பெட்டியில் வட்டு இல்லை

எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருவோர் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பார்கள்: கவுண்டரில் எதற்குப் பச்சைத் தட்டு ஒன்று, சிவப்புத் தட்டு ஒன்று? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லி அலுத்துவிட்டது. ஆகையால் எழுதி வைக்கிறேன். விடை, நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளில் இருக்கிறது. அன்று, ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரிக்காமல் காத்துவந்த விளையாட்டுப் பெட்டிகளில் ஒன்பதைக் கத்தியால் பிரித்து வைத்தேன். மிக நேர்த்தியாகப் பிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய என் செயல்களில் யாரும் குறை காண முடியாதது அந்த நேர்த்தி ஒன்றே.

1. பார்க்காமல் ஏற்றாதே

கடை வண்ணார்பேட்டையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் உள்ளது. வீடியோ கேம் வட்டுகளையும் அவற்றை ஓட்டும் கன்சோல்களையும் வாங்குவோம், விற்போம், பழுது பார்ப்போம். உரிமையாளர் பக்கத்திலுள்ள நாங்குநேரிக்காரர், சுப்பையா அண்ணாச்சி. தமிழ் முதுகலை முடித்துவிட்டு ஆசிரியப் பணிக்குக் காத்திருந்த என்னை, “படிக்கத் தெரியுமில்லா? அட்டைல என்ன போட்டிருக்குன்னு படிக்கணும், அவ்வளவுதான் வேலை” என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அன்றுமுதல் நான் அவருக்கு ‘வாத்தியாரம்மா’.

முதல் நாள் அவர் கற்பித்த முறை இன்றும் மாறவில்லை. வட்டைக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்க்க வேண்டும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சுற்றித் துடைக்கவே கூடாது. பின்னர் சோதனைக் கன்சோலில் இட்டு, ஆட்டம் பதிவாகும் முதல் ‘சேவ்’ வரும்வரை ஆடிப் பார்க்க வேண்டும். அதன்பிறகே அது அலமாரி ஏறும்.

“சீல்டா இருந்தாலுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன். ஆலையின் மேலுறை பிரியாத பெட்டியைக் கடை வழக்கில் சீல்டு என்பார்கள்.

“சீல்டா இருந்தா ரெண்டு தடவை பாரு. ஒருத்தன் இருபது பெட்டி சீல்டுன்னு தலைல கட்டிட்டுப் போனான். உள்ள பாத்தா அம்புட்டும் பஜனைப் பாட்டு. கவுண்டருக்குக் கீழ எந்தப் பெட்டி இருந்தாலும் சரி, பாக்காம மேல ஏறக்கூடாது.”

நான் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ‘எந்தப் பெட்டி இருந்தாலும்’ என்பதன்கீழ்க் கோடும் இட்டேன்.

2. காற்றும் கரையானும்

இரண்டாம் நாள் மாலை மொகுதூம் காக்கா வந்தார். காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அங்கே ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்குவது அவர் வழக்கம். அதனை ஆடுவதில்லை, பிரிப்பதுமில்லை. வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையில் நிறுத்துவார். மேலுறைமேல் ஒட்டியிருக்கும் விலைத்தாளைக்கூடக் கிள்ளமாட்டார். கிள்ளினால் உறை கிழிந்துவிடுமாம்.

அண்ணாச்சியோ நேர்மாறு. இணையக் கணக்கில் முந்நூறு விளையாட்டுகளைப் பதிவிறக்கமாக வாங்கிக் குவித்திருந்தார். இருவரும் சந்தித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது கீழேயிருந்த மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும்.

“ஓய் சுப்பையா, கையில இல்லாதது நம்மது இல்ல. நாளைக்கே அந்தக் கம்பெனிக்காரன் ஒம்ம கணக்க மூடிட்டா என்ன வே செய்வீரு? முந்நூறும் காத்துல போயிரும்.”

“ஒம்ம அலமாரில கரையான் வந்தா நீரு என்ன வே செய்வீரு? எனக்குக் காத்து. ஒமக்குக் கரையான். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

காக்காவின் வீட்டில் அப்போது தரைக்கல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தூசி படக்கூடாது என்று பன்னிரண்டு பெட்டிகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அவ்வேளையில் உள்ளறையில் கன்சோல் ஒன்றின் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாக்குவாதம் காதில் விழுந்தது, ஒப்படைத்தது விழவில்லை. அண்ணாச்சி அப்பெட்டியைக் கவுண்டருக்குக் கீழே வைத்தார்.

3. ஒன்பது

மறுநாள் வியாழன். அண்ணாச்சி ஒரு சடங்கு வீட்டுக்காக நாங்குநேரி போய்விட்டார். கவுண்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு பெட்டிகள், அனைத்தும் சீல்டு. கோடிட்ட விதி நினைவுக்கு வந்தது.

ஓர் உறையும் கசங்காமல் விளிம்போரமாக அறுத்து எடுத்தேன். வட்டுகள் ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் இருந்தன. இத்துணைத் தூய்மையான சரக்கை அண்ணாச்சி எங்கிருந்து பிடித்தாரோ என்று வியந்துகொண்டே எட்டை ஆடிப் பார்த்து முடித்தேன். ஒன்பதாவதைத் திறந்தால் வட்டு இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு மட்டும் கிடந்தது. உடனே அலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணாச்சி, ஒன்பதாவது பெட்டியில் வட்டு இல்லை. நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்.”

“எந்தப் பெட்டி?”

“கவுண்டருக்குக் கீழே இருந்த சீல்டு பெட்டி.”

அப்பக்கம் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது.

“ஏ பிள்ள,” என்றார் அண்ணாச்சி, பைய. “கத்தியக் கீழ வையி.”

4. வெப்பத்துப்பாக்கி

ஒரு மணி நேரத்தில் சந்தனப் பொட்டு கலையாமல் கடைக்கு வந்து சேர்ந்தார். பெட்டிகளை வரிசையாகப் பார்த்தார். யாருடையவை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேலை போய்விட்டது என்றே எண்ணினேன். அவர் திட்டவில்லை, அது இன்னும் அச்சமூட்டியது.

“அங்கன சுருள் பிளாஸ்டிக் இருக்கு பாரு. எடு. வெப்பத்துப்பாக்கியையும் எடு.”

பரிசுப் பொதிகளுக்கு உறையிட நாங்கள் வைத்திருந்த கருவி அது. ஒரு பெட்டியைச் சுற்றி வெப்பம் காட்டினார். உறை சுருங்கிப் பளபளவென்று பிடித்துக்கொண்டது. ஆலையின் உறையா என்று கேட்டால் ஆம் என்றே நான் சொல்லியிருப்பேன்.

“எப்படி?”

“நன்றாக இருக்கிறது.”

“காக்கா பிரிக்கவே மாட்டாரு. நம்ம ரெண்டு பேரத் தவிர எவனுக்கும் தெரியாது. ஒன்பதையும் இப்படியே முடிச்சிருவோம்.”

எனக்கும் அது பேராறுதலாகவே இருந்தது; இதில் பொய் சொல்லப் போவதில்லை. ஒன்பதாவதன் சீட்டைத் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் அதிலிருந்த சிறிய எழுத்தைப் படித்தேன். அது பதிவிறக்க எண். அதனை இணையத்தில் பதிந்தால்தான் விளையாட்டுக் கிடைக்கும். பதிவதற்கு இறுதி நாளும் அச்சிட்டிருந்தது. இன்னும் பதினோரு நாள்கள்.

“அண்ணாச்சி, இதை மூடிவிட்டால் பதினோரு நாளில் இந்தப் பெட்டி வெறும் அட்டை. அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.”

அண்ணாச்சி வெப்பத்துப்பாக்கியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதன் மின்கம்பியைப் பிடுங்கினார்.

“வாத்தியாரம்மாவ வேலைக்கு வச்சது தப்பாப் போச்சு,” என்றார். தாம் உறையிட்ட பெட்டியை அவரே மீண்டும் பிரித்தார்.

5. வெள்ளிக்கிழமை

காக்கா வந்தார். ஒன்பது பெட்டிகளும், அவற்றின் ஒன்பது உறைகளும் மடித்தபடி கவுண்டரில் இருந்தன. செய்தது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்தார்.

“இது மூத்தவ கல்யாணத்துக்கு வந்தப்ப வாங்குனது,” என்றார். இன்னொன்றை எடுத்தார். “இது வீட்டுக்கு மாடி எடுத்த வருஷம்.” அதன்பின் ஓர் உறையை விரித்து, அறுத்த விளிம்பை விரலால் தடவினார்.

“சுப்பையா, கரையான் வரும்னு சொன்னீரே. கரையான்கூட இவ்வளவு ஒழுங்கா அறுக்காது வே.”

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். சீட்டை நீட்டினேன். வியாழனன்று நான் படிக்கத் தவறிய ஒன்பதாவது பெட்டியின் அட்டையையும் காட்டினேன்; விலைத்தாள் உறையோடு வந்துவிட்டிருந்தது. அது மறைத்திருந்த இடத்தில், வட்டு இல்லை, பதிவிறக்க எண் மட்டுமே என்று அட்டையில் தெளிவாக அச்சிட்டிருந்தது. காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார்.

அண்ணாச்சி அதுவரை காட்டிய அடக்கம் பாராட்டத்தக்கது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“மூணு வருஷமாக் காத்தக் கண்ணாடி அலமாரில பூட்டி வச்சிருந்தீரா வே!”

“நம்ம நசீபு, வேற என்ன, தலையெழுத்து,” என்றார் காக்கா. உதட்டோரம் அசைந்தது. “கெடு எப்ப முடியுது?”

“பத்து நாள் இருக்கு. அதுக்கு நீரு ஒரு கணக்குத் தொடங்கணும். காத்துல.”

தொடங்கினார். அவர் பெயரை முன்னமே யாரோ எடுத்துவிட்டதாகக் கன்சோல் அறிவித்தது. “எம் பேர எவம்லே எடுத்தான்?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார். இறுதியில் தம் வீட்டு எண்ணையும் பெயரோடு சேர்த்துப் பதிந்தார். பதிவிறக்கம் நான்கு மணி நேரம் ஓடியது. அவர் அசையாமல் விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியதும், “இப்ப இது எங்கன இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். முதன்முறையாக அவர் என்னிடம் பேசியது அதுதான்.

“நாற்பது பங்கு இந்தக் கன்சோலில். மீதி வந்துகொண்டிருக்கிறது, காக்கா.”

“மெதுவா வரட்டும். பிரிக்காம வரட்டும்.”

புறப்படும்போது ஒரு தாளில் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினார். அந்தத் தாளையும் சீட்டையும் ஒன்பதாம் பெட்டிக்குள் வைத்து மூடி, பிரியாத மூன்று பெட்டிகளோடு சேர்த்து அடுக்கினார்.

“இப்ப கையில இருக்கு,” என்றார்.

6. இரண்டு தட்டுகள்

மறுநாளே நான் இரண்டு தட்டுகள் வாங்கிவந்தேன். பச்சை ஆடுவதற்கு, சிவப்பு வைத்துக்கொள்வதற்கு. கடைக்குள் எந்தப் பெட்டி வந்தாலும், கத்தியைத் தொடுமுன் கொண்டுவந்தவரிடம் கேட்க வேண்டும்: விளையாடவா, வைக்கவா? கோடிட்ட விதியைவிடக் கேட்ட கேள்வி பாதுகாப்பானது. நான் கற்றது இவ்வளவே. புதியவர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு விடுப்பில் காக்கா பதின்மூன்றாம் பெட்டியோடு வந்தார். அண்ணாச்சியிடம் காட்டிப் பெருமைப்பட. நான் முறைப்படி கேட்டேன்.

“விளையாடவா காக்கா, வைக்கவா?”

“வைக்கத்தான். சீல்டு. தொட்டுராத.”

சிவப்புத் தட்டில் வைத்தபோது பார்த்தேன். உறை முழுதாக இருந்தது, ஒரே ஓர் இடம் தவிர. விலைத்தாள் இருந்திருக்க வேண்டிய மூலையில், நகத்தால் கிள்ளிய அளவுக்கு ஓர் ஓட்டை.