பூட்ஸில் பட்ட சேறு

போட்டிக்கு முந்தின வாரம் முழுவதும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. சோறு தட்டில் இருக்கும்போதே எழுந்து போய்க் கொடியில் காயும் சட்டையின் காலரைத் தொட்டுப் பார்ப்பேன். அம்மா, "அது எங்கயும் ஓடிப்போவாது, குந்தித் துன்னு" என்பாள். நான் உட்காருவேன்; மறுபடி எழுந்திருப்பேன்.

நான் சேர்ந்திருந்தது ஓட்டப் போட்டியோ தாண்டும் போட்டியோ அல்ல. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. குதிரைகள் வரிசையாக நிற்கும். நடுவர் சுற்றி வந்து சேணத்தின் வாரைத் தூக்கிப் பார்ப்பார். கடிவாளத்தில் விரலைத் தேய்த்துப் பார்ப்பார். குளம்புக்கு எண்ணெய் தடவியிருக்கிறதா என்று குனிவார். பிறகு நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார். கழுத்துத் துணி, பொத்தான், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றுக்கும் மார்க்கு உண்டு. மற்றவர்களுக்கு மார்க்குப் போடுவது என் வேலை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பரீட்சை எதுவும் என்னை இப்படிப் படுத்தியதில்லை.

அடையாற்றில் ஒரு கம்பெனித் துரையின் பங்களாவில் என் நைனா குதிரைக்காரர். யுத்தம் வந்து துரை பட்டாளத்துக்குப் போனார். துரைசானிக்கு முதுகுவலி, குதிரை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஏறிக்கொண்டிருந்த செவலைக் குதிரை லாயத்திலேயே நின்று கொழுத்து, பக்கத்தில் வருகிறவர்களைக் கடிக்க ஆரம்பித்தது. நைனாவை மட்டும் கடிக்காது. ஒரு நாள் விடியலில் அவர் என்னிடம், "நீ ஏறிக் குந்து, நான் புட்சிக்கினு வரேன். மேல ஆளு இருந்தாத்தான் இது அடங்கும்" என்றார். அப்போது நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். துரைசானி வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டாள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தோம். அவள் இறங்கி வந்து, கால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதுபோல என் குதிகாலைக் கீழே அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் ஏறினேன். யுத்தம் முடிந்து மறுபடி போட்டிகள் நடக்கத் தொடங்கியபோது, குதிரையோடு என்னையும் சேர்த்துப் பதிவு செய்தவள் அவள்தான்.

குதிரையேற அவள் போட்டுக்கொண்டிருந்த பழைய கால்சட்டையை, பிரீச்சஸை, பாண்டி பஜாரில் ஒரு தையற்காரர் எனக்காகப் பிடித்துத் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு நான் கூடத்தில் நின்றபோது அம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, "ரெண்டு காலும் தனித்தனியா தெரியுதே" என்றாள்.

"எல்லாருக்கும் ரெண்டு காலு தாம்மா."

"கீது. அதைத் தெருவுக்குச் சொல்லணுமா?"

அதனால் போட்டியன்று பிரீச்சஸுக்கும் பூட்ஸுக்கும் மேலே சேலை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் ஏறும்போது பூட்ஸ் படியில் இடித்தது. கண்டக்டர் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, சேலைக்குள்ள போலீஸ்காரு யாருனா கீறாரா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடையாற்றுப் பாலம் தாண்டும்வரை சிரிப்பு ஓயவில்லை. லாயத்துக்குப் போன பிறகுதான் சேலையை அவிழ்த்து வைத்தேன்.

நைனாவிடம் முன்னதாகவே ஒன்று கேட்டிருந்தேன். "நீ வெள்ளை வேட்டி கட்டிக்கினு வந்து நாற்காலில ஒக்காரு நைனா. குதிரையைப் பக்கத்து பங்களா ஆளு புடிச்சிக்கட்டும்."

"அவன் கிட்டப் போனா இது தோளைக் கடிச்சிடும். அதுவுமில்லாம, எம்பொண்ணு மேல குந்திக்கினு வரப்போ கீழ வேற எவனாவது நிப்பானா?"

அவர் காக்கிக் கோட்டும் பச்சைப் பட்டை போட்ட தலைப்பாகையுமாகத்தான் வந்தார். குதிரைக்காரரின் உடுப்பையும் நடுவர் பார்ப்பார் என்பதால் கோட்டை அவரே இஸ்திரி போட்டிருந்தார். குதிரையின் பிடரி மயிரைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பின்னித் தைத்தது நான். என் தலைமயிர்தான் அடங்கவில்லை. கொண்டை போட்டால் தொப்பி உட்காரவில்லை. கழுத்தோடு ஒட்டித் தாழப் பின்னி வலையில் அடைத்த பிறகுதான் உட்கார்ந்தது.

மைதானம் கிண்டிக்குப் போகும் வழியில் இருந்தது. முந்தின நாள் மழை. கயிறு கட்டிய போட்டி வளையத்துக்கு வெளியே, மேலே உட்கார்ந்து குதிரையை நடத்திக்கொண்டிருந்தபோது அது ஒரு குட்டையில் கால் வைத்துச் சிலிர்த்தது. என் இரண்டு பூட்ஸிலும் சேறு.

அது எனக்கு மட்டும் நடந்ததல்ல. கயிற்றுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற எல்லோர் பூட்ஸிலும் சேறு இருந்தது. அதற்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. உள்ளே கூப்பிடுவதற்குச் சற்றுமுன் ஒவ்வொரு குதிரைக்காரரும் தோளில் இருக்கும் துணியை எடுத்து, சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைத்திருக்கும் எஜமானியின் பூட்ஸைத் துடைத்துவிடுவார். முன்பு நான் வேடிக்கை பார்க்க வந்தபோது பலமுறை பார்த்த காட்சிதான். ஆனால் என் முறை வரும்போது அந்தத் துணி யார் கையில் இருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

நைனா துணியை எடுத்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"காலைக் குடு."

"வேணாம் நைனா."

"இன்னா வேணாம்? சேறு கீது."

"இருக்கட்டும். மார்க்கு போனா போவட்டும்."

பக்கத்துக் குதிரையைப் பிடித்திருந்தவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, சின்னத் தொரைசானி காலைக் காட்ட மாட்டேங்குதா?"

"எம்பொண்ணுடா அது."

"அட! பொண்ணா?" அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ வுடு அண்ணாத்தே. பெத்தவன் பொண்ணு காலைத் தொடுவானா? அந்தப் பொண்ணுக்குத்தான் பாவம் வந்து சேரும்."

அதைக் கேட்டு அந்தப் பக்கம் நின்ற எல்லாக் குதிரைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"காலா இது?" என்றார் நைனா. "தோலு. மாட்டுத் தோலு. கொண்டா இப்டி."

நான் இறங்கிவிட்டேன். அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, குனிந்து, என் வலது பூட்ஸை நானே துடைத்தேன். கணுக்கால் மடிப்பில் சேறு ஒட்டியிருந்தது, அழுத்தித் தேய்த்தேன். அது போய்ப் பூட்ஸ் பளபளத்தது. இடதுக்கு வருவதற்குள் கொடி ஆட்டி எங்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற குதிரை நகர்ந்தது.

ஏற வேண்டும். சேணத்தைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல இடது முழங்காலை மடக்கினேன். வழக்கம்போல நைனா என் கணுக்காலைப் பிடித்தார்.

அந்தப் பிடியில்தான் எனக்கு உறைத்தது. லாயத்தில் தினமும் காலையில் இப்படித்தான் ஏறுகிறேன். இத்தனை வருஷமாக என் கால் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. ஒருநாளும் கூசியதில்லை. அப்படியானால் இப்போது கூசுவது எது? அவர் என் காலைத் தொடுவதா, இத்தனை பேர் அதைப் பார்ப்பதா?

யோசிக்க நேரமில்லை. அவர் என் பூட்ஸைப் பிடித்தபடியே தன் கோட்டுக் கையால் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு துடைத்தார். பிறகு என்னைத் தூக்கி மேலே போட்டார். இஸ்திரி போட்ட காக்கியில் சேறு நீளமாகத் தடம் போட்டிருந்தது.

நடுவர் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. வாரைத் தூக்கிப் பார்த்தார், தலையாட்டினார். பிடரியைப் பார்த்து லேசாகப் புன்னகைகூடச் செய்தார். பூட்ஸைப் பார்த்தார், குறை சொல்லவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்தார். வெளிர்மஞ்சள் கையுறை இரண்டிலும் சேறும் கருப்புப் பாலிஷும் அப்பியிருந்தன. நைனாவின் கோட்டுக் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். பரிசு ரிப்பன் எங்களுக்கு இல்லை.

துரைசானி என்னிடம், "கையுறையைக் கவனித்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் குதிரையை நடுவில் விட்டு நானும் நைனாவும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம்.

"கையுறை போட்டுக்கினு எவளாவது பூட்ஸு தொடைப்பாளா?" என்றார்.

"கோட்டைப் போட்டுக்கினு மட்டும் தொடைக்கலாமா?"

"எனக்கு அது வேலை."

"எனக்கு நீ நைனா."

"வேலைல கீறப்போ நான் குதிரைக்காரன். நீ குதிரை மேல கீறவ. இறங்கினப்புறம் நைனான்னு கூப்புடு, சோறு போடு, சண்டை போடு. இதுல இன்னா குழப்பம்?"

அவருக்குக் குழப்பம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் வேலையில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்த வேலைதான் என்னைப் படிக்க வைத்தது. ஆனால் என்னைப் படிக்க வைத்தவர் நாலு பேர் முன்னால் என் காலைத் துடைப்பதா?

லாயத்தில் சேணத்தை இறக்கும்போது அவர் சொன்னார்: "அடுத்த தபா முன்னாடியே சொல்லிடு. தொடைக்கணுமா, வேணாமா. ரெண்டும் எனக்கு சம்மதம். வரிசைல வந்து நின்னுக்கினு பேசக்கூடாது. குதிரை மிரளுது."

அடுத்த போட்டி வருகிற மாதம். துரைசானி பதிவு செய்துவிட்டாள். காலையில் ஏறும்போது நைனா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, பதில் வருமா என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார். சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறேன். அதற்குள் குதிரை பொறுமையிழந்து நகர்ந்துவிடுகிறது. அவரும் என்னைத் தூக்கிவிட்டுவிடுகிறார்.