மாடிக் கம்பியில் கட்டிய சட்டை

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, பம்மலில் எங்கள் வீட்டை ஓர் இன்ஜினியர் அம்மா வரைந்து கொடுத்தார். இப்போதைக்குக் கீழே ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மற்றது பிறகு. ஆனால் மாடிக்குப் படியை மட்டும் முதலிலேயே வெளிப்பக்கமாகக் கட்டச் சொன்னார். தூண் கம்பிகளையும் வெட்டாமல் மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விட்டார்கள். மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, "இங்க ஒரு ரூம் வரும். ஜன்னல் எந்தப் பக்கம் வேணும், சொல்லுங்கம்மா" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர்தான் தெற்கே என்று சொன்னார்.

திருஷ்டி படாமல் இருக்க மேஸ்திரி ஒரு கம்பியில் வைக்கோல் பொம்மை கட்டினார். தலைக்குச் சட்டி, சுண்ணாம்புப் புள்ளி, கரியில் மீசை. உடம்புக்கு வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை.

"வேலை முடியற வரைக்கும் இத்த எறக்கக் கூடாதுக்கா."

"இந்த வீட்டுக்கு வேலையே முடியாதே," என்று இன்ஜினியர் அம்மா சிரித்தார். "குடும்பம் பெருகப் பெருகக் கட்டிக்கற மாதிரிதான் போட்டிருக்கேன்."

"அப்போ நான் மேலயே நிக்க வேண்டியதுதான்," என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

பால் காய்ச்சிக் குடிவந்தோம். மற்ற வீடுகளில் அதோடு பொம்மையை இறக்கிவிடுவார்கள். எங்களுடையது நின்றது. சாயங்கால வெயிலில் அதன் நிழல் படி வழியாக இறங்கி வாசலைத் தொடும். தோல் பட்டறையிலிருந்து அவர் திரும்பும் நேரமும் அதுதான். நிழல் வந்ததும் பாலை அடுப்பில் வைப்பேன். அவர் வர நேரமாகும் நாட்களில், யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நிற்பது போல இருக்கும்.

ஐப்பசி மழையில் பொம்மையின் இடது கை வைக்கோல் நனைந்து சரிந்தது. சட்டைக் கை காலியாகத் தொங்கியது. அந்த மாதமே அவருக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தம்ளர் நழுவும். அப்படியும் வேலைக்குப் போனார். நான் மேலேயும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். யாரிடம் சொல்ல? அடுத்து வந்த காற்றில் சட்டி விழுந்து உடைந்தது. சில்லுகளை நான் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று பட்டறையிலிருந்து ஆள் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. தலையில்லாத நிழல் தினமும் வந்தது. அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வேன்.

போன வருஷம், கோவிலம்பாக்கத்தில் குழந்தையோடு தனியாக வாடகைக்கு இருந்த மகளை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பேத்தியோடு என்னிடம் வந்துவிட்டாள். மூன்று பேருக்கும் அந்த ஓர் அறைதான். மாடி எடுத்தே ஆக வேண்டும். அதே மேஸ்திரி வந்தார்.

"இன்னாக்கா, தலையில்லாம நிக்க வுட்டுகீற? தெருவே பயந்துகினு போவுமே." சட்டையை அவிழ்த்துக் கீழே போட்டார். "புது வேலைக்குப் புது பொம்மை கட்டணும். பழைய துணி எதுனா குடு."

"என் நைட்டி ஒண்ணு இருக்குண்ணா, எடுத்துட்டு வரேன்," என்று மகள் எழுந்தாள்.

"வேணாம்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உன் துணி வேணாம்."

உள்ளே போய் என்னுடைய மஞ்சள் புடவையை எடுத்து வந்தேன்.

"கிழிஞ்ச நைட்டிமேல இவ்ளோ பாசமாம்மா?" என்றாள் மகள். புடவையை மேஸ்திரியிடம் நீட்டினேன். காரணத்தை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

"பொம்பள பொம்மை நான் கட்டுனதே இல்லக்கா," என்றார் மேஸ்திரி. "சரி, மீசைய வுட்டுடறேன்."

தெற்கே ஜன்னலோடு அறை எழுந்தது. தளம் போட்ட பிறகு, பொம்மையைக் கையில் பிடித்தபடி மேஸ்திரி கேட்டார். "கம்பிய வெட்டிடவா, நீட்டி வுடவா? வெட்டுனா வேலை முடிஞ்சுது. இத்த எரிச்சிடலாம்."

மகள் பேத்தியைப் பார்த்தாள். "விடுங்கண்ணா. இவ வளந்தா இவளுக்கும் ஒரு ரூம் வேணுமே."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். பொம்மையை மேல் கம்பியில் கட்டினார்.

இப்போது சாயங்காலங்களில் புடவை கட்டிய நிழல் ஒன்று படியிறங்கி வருகிறது. நான் கதவைச் சாத்துவதில்லை. நேற்று பெய்த மழையில் முந்தானை அவிழ்ந்து இடது பக்கம் தொங்கியது. மகள் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஊக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினேன்.