ஒன்பது மில்லிமீட்டர்

அவளுக்கு அகலப் பாதம். செருப்புக் கடைக்குப் போனால், விற்பவர்கள் அவள் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் ஆண்கள் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். நாற்பதை நெருங்கும்போது, சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். மூன்றாவது மாதமே இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருத்து உதிர்ந்தன. ஊரில் இருந்த கடைகளை எல்லாம் சலித்தெடுத்தும் அவள் காலுக்கு ஏற்ற ஓட்ட ஷூ கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கடைகளின் வலைத்தளங்களுக்குள் அவள் நுழைந்தது அப்படித்தான்.

அது ஒரு தனி உலகமாக இருந்தது. ஒரே ஷூ நான்கு அகலங்களில் கிடைத்தது. போன வருட மாடல் என்றால் பாதி விலை. ஆனால் பல கடைகள் தங்கள் நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்பும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அந்த நாட்டிலேயே ஒரு கிடங்கு, உங்கள் பெயருக்கு ஒரு முகவரி கொடுக்கும். வாங்கியதெல்லாம் அங்கே போய்ச் சேரும். அட்டைப்பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஷூக்களை மட்டும் நெருக்கிக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். வந்துசேர ஆறு வாரம் ஆகும். அளவு தப்பினால் தலையில் துண்டுதான். திருப்பி அனுப்பும் செலவுக்கு இன்னொரு ஜோடியே வாங்கிவிடலாம்.

அதனால் அளவெடுப்பதில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் வேலை பார்த்தது ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குழாயில் பெயரும் தேதியும் ஒட்டாமல் ஊசியைத் தொடாத பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. வெள்ளைத் தாளின் மேல் முழு எடையும் ஊன்றி நிற்கவைப்பாள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைவாள். பெயர், தேதி எழுதிக் கோப்பில் சொருகுவாள். பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த பதினொரு பேரும் ஒவ்வொருவராக அவளிடம் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் அவள் ஷூ அக்கா ஆனாள். நாலு வருடத்தில் அவள் கணக்குத் தப்பியதே இல்லை. ஒரே ஒரு தடவை கடைக்காரன் இரண்டும் இடது காலாக அனுப்பிவைத்தான்.

"விடும்மா, ரெண்டு இடது கால் உள்ள ஆளு யாராச்சும் மாட்டாமயா போவான்?" என்று அன்றைக்கு, கூட ஓடும் அச்சகக்காரர் சொன்னதில் ஷூவுக்கு உரியவரே சிரித்துவிட்டார்.

அச்சகக்காரர் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர். நாளெல்லாம் நின்றே வேலை. முழங்கால் வலிக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். அதற்குப் புது ஷூ வேண்டும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் அவர் பாதத்தை வரைந்துகொண்டு வந்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன வருடத் தாளின் மேல் இதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கோடுகள் பொருந்தவில்லை. நீளம் அதேதான். அகலம் மட்டும் இரண்டு காலிலும் ஒன்பது மில்லிமீட்டர் கூடியிருந்தது. பென்சில் சாய்ந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மத்தியானம் அவரை வீட்டுக்கு வரச்சொன்னாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. வந்து காலுறையைக் கழற்றினார். திரும்ப வரைந்தாள். அதே ஒன்பது. காலுறையின் விளிம்பு இருந்த இடத்தில், கணுக்காலுக்கு மேலே, கயிறு கட்டி அவிழ்த்ததுபோல ஒரு பள்ளம் பதிந்திருந்தது.

"கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கேண்ணே."

"நின்னே வேலை பாக்குறவன் கால் வேற எப்படி இருக்கும்? வயசாக ஆகக் காலும் பரந்துக்கும்மா."

"ஒருநாள் லேப் பக்கம் வாங்களேன். சும்மா ஒரு ரத்தம் பார்த்துடலாம்."

"ஓட்டம் முடியட்டும். இப்ப ஊசி போட்டு என்னை பயமுறுத்தாதே."

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தக் கடையின் தள்ளுபடி அன்று சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது. அவர் கேட்ட மாடலில் அகலமான அளவு இரண்டே ஜோடிதான் பாக்கி. அவர் படியிறங்கிப் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அகலம் என்ற கட்டத்தில் ஒரு படி கூட்டிக் குறித்து, வாங்கிவிட்டாள். கடைசி நேரத்தில் கிடைத்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொட்டலம் கிடங்குக்குப் போனது, கப்பலேறியது, சுங்கத்தில் மாட்டியது. ரசீதின் நகலை இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறை அனுப்பினாள். ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை முற்பகல், அவசரப் பிரிவிலிருந்து வந்த ரத்தத்தை இயந்திரத்தில் வைத்தாள். சிறுநீரகம் கழிவை அகற்றுகிறதா என்று காட்டும் எண், ஒன்றை ஒட்டி இருக்கவேண்டியது, பதினொன்றரை என்று வந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பதினொன்றரை. அப்புறம்தான் குழாயில் இருந்த பெயரைப் படித்தாள். அச்சகக்காரர் பெயர். கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனாள்.

அச்சகத்தில் மூச்சுத் திணறி இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாராம். கத்தி இறங்குவதற்குள் பக்கத்தில் இருந்தவர் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். வருடக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அவள் தன் கூடத்து டாக்டரிடம், யாருக்கோ கேட்பதுபோல, ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருந்தால் மிச்சம் இருந்ததைக் கொஞ்சநாள் இழுத்துப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அந்தச் 'சொல்ல முடியாது' அவளை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் வந்தது. ஊசி குத்தும்போது வந்தது.

ஷூ வந்து சேர்ந்தபோது அவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவளே எடுத்துக்கொண்டு போனாள். டயாலிசிஸில் நீரெல்லாம் வடிந்து கால் குச்சியாகியிருந்தது. நாடாவை எவ்வளவு இழுத்துக் கட்டியும் குதிகால் வெளியே வந்தது. மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து இன்னொரு காலுறையை மாட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள்ல இன்னைக்குத்தான் உன் அளவு தப்பியிருக்கு," என்றார் அவர். கிண்டல்தான், ஆனால் குரலில் சத்தே இல்லை.

மறைத்துவைக்க அவளால் முடியவில்லை. வரைந்த அன்றே கால் வீங்கியிருந்தது தனக்குத் தெரியும் என்றாள்.

"நீதான் லேபுக்கு வரச்சொன்னியே. நான்தான் கேக்கலை," என்றார்.

"ஒழுங்கா சொல்லலைண்ணே. கிட்னி கெட்டா கால் அப்படி வீங்கும்னு எனக்குத் தெரியும். தினம் அதைத்தானே பாக்கறேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். ஆறு மணிக்குள்ள வாங்கிடணும்கிறதுலயே இருந்துட்டேன்."

மனைவி காலுறையை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள். "நான் இழுத்துட்டு வந்திருப்பேனே."

அச்சகக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார், யார் யார் இப்போது எத்தனை சுற்று ஓடுகிறார்கள் என்று விசாரித்தார். அதற்குள் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஷூ அக்கா கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் அவர் பதினொரு மாதம் இருந்தார். மாதாமாதம் அவருடைய ரத்தம் அவள் மேசைக்கு வந்தது. எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் அதை அவளே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை. கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. பூங்காவிலிருந்து எல்லாரும் துக்கத்துக்குப் போனார்கள். அவளும் போய்க் கடைசி வரிசையில் நின்றாள்.

மற்றவர்களுக்கு வாங்கித்தருவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் அளவெடுக்கும்போது கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஷூ வாங்க வந்தால் நோயாளியாக்கிவிடுகிறாள் என்று ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். இன்னும் இருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை அச்சகக்காரரின் மனைவி ரத்தம் கொடுக்க வந்தாள். இளைத்திருந்தாள். கையில் டாக்டர் எழுதிய சீட்டு. ஷூ அக்காவின் நாற்காலிக்கு எதிரே யாரும் இல்லை. பக்கத்து மேசையில் நாலு பேர் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் வாசலிலேயே நின்று இவளைப் பார்த்தாள். பிறகு போய் ஐந்தாவது ஆளாக அங்கே உட்கார்ந்துகொண்டாள்.