சைக்காலஜி ரெக்கார்டில் அம்மா

பி.ஏ. பிலாசபி முடிக்க என்னென்ன வேண்டும் என்று எறணாகுளம் கல்லூரிக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். சேர்ந்த அன்றே அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். பிழைக்க வந்த மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்தது ஏழு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு. ஒரு வீட்டில் படித்தால் ஏழு வீட்டிலும் படித்த மாதிரி. இங்கிலீஷ், இரண்டாம் மொழியாக மலையாளம், மெயினில் தர்க்கம், அறவியல், இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம், துணைப்பாடமாக சைக்காலஜி, அதற்கு ஒரு பிராக்டிகல், அந்தப் பிராக்டிகலுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு.

அப்பா மிளகு கோடவுனில் மூட்டை சுமக்கிறவர். முழுசும் கேட்டுவிட்டு, "இம்புட்டையும் ஒரே ஆளுக்கா ஏத்துதாங்க?" என்றார்.

பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டாள். "மோனே, இதுல எது தோத்தா பி.ஏ. போகும்?"

"எது தோத்தாலும் போகும் சேச்சி."

இந்தப் பதிலை நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். லைன் வீட்டுக்கே முதல் காலேஜ்காரன். எதிலும் நான் தோற்கக் கூடாது என்று அன்றைக்கே ஏழு வீடும் முடிவு கட்டிவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சைக்காலஜி பிராக்டிகலில் இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒருவன் சோதனை செய்வான், மற்றவன் சோதனைக்கு உட்படுவான். என் ஜோடிக்காரன் நல்லவன், பொறுமைசாலி, எல்லாச் சோதனைக்கும் உட்கார்ந்து கொடுத்தான். கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கும்போது அவனுக்கு வளைகுடாவிலிருந்து விசா வந்துவிட்டது. "மன்னிக்கணும்டா" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கடைசிச் சோதனை ஞாபகசக்தி பற்றியது. அர்த்தமே இல்லாத பத்து அசைகளை இரண்டு விநாடிக்கு ஒன்றாகப் படிக்க வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்புகளை எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டும். ஒரு தப்பும் இல்லாமல் சொல்லும்வரை இதே வேலை. தப்பு படிப்படியாகக் குறைவதை கிராஃப் போட்டால் சோதனை முடிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் பட்டியல் ஏற்கெனவே மனப்பாடம், அதனால் அவர்கள் யாரும் உதவ மாட்டார்கள்.

"பட்டியலைக் கேட்டே இராத ஆளாகப் பார்" என்றார் சைக்காலஜி சார். "எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் பரவாயில்லை, வாயால் படித்துக் காட்டு. ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ரெக்கார்டில் என் கையெழுத்து விழ வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை." சார் பேசினது மலையாளத்தில்.

வீட்டில் அம்மா இருக்கிறாளே! எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குச் சுக்கு கோடவுனில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துவிடலாம். அதற்கு முன்னால் இரண்டு விநாடி இடைவெளி பிசகாமல் இருக்க வேண்டுமே என்று ஒரு கைக்கடிகாரத்தை இரவல் வாங்கி, காலையும் சாயங்காலமும் வாசித்துப் பழகினேன். கெவ், டிஸ், மூப், ரெஜ், லுஃப்... கடமை உணர்ச்சியோடு, நல்ல கணீர்க் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு தரம் படித்தேன். பத்தையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டு, "போதுமா?" என்றாள்.

என் தாய் ஒரு மேதை என்றே நினைத்துவிட்டேன். அதற்குள் சேச்சி வாசலில் வந்து நின்று அதே பத்தையும் சொன்னாள். அவள் புருஷன் சேட்டன் சாயாக் கோப்பையோடு வந்து, கடைசியிலிருந்து முதல்வரை சொன்னார். அப்பா மூட்டை தூக்கும்போது அதை மூச்சுக்கு ஒன்றாகச் சொல்லிப் பழகினாராம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுத் திருத்தியிருக்கிறார்கள்.

"உங்களை யாரு படிக்கச் சொன்னது?" என்றேன்.

"நல்லா கேட்டியே! நீ கத்துத கத்துல எவனுக்குத் தூக்கம் வந்துச்சு?" என்றாள் அம்மா. "நான் தப்பாச் சொன்னா நீ தோத்துருவயில்ல?"

அந்த முடிவையே சாரிடம் கொண்டுபோனேன். கிராஃப் தாளில் பூஜ்யத்தின் மேல் ஒரே ஒரு புள்ளி. சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கிராஃப் சார்."

"இது கொசு உட்கார்ந்த இடம்."

நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. புதுப் பட்டியல் தயார் செய்து, வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர் கண்முன்னாலேயே செய்யச் சொல்லிவிட்டார். வராந்தாவில் ஒரு கூட்டாளி, "ஏழு, அஞ்சு, ரெண்டு, பூஜ்யம்னு நாலு எண்ணை எழுதிக் கொடுத்துட்டுப் போடா, மண்டு" என்றான். எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் அறவியலில் உண்மை பேசுவது பற்றி எட்டுப் பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். மை கூடக் காயவில்லை.

புதுப் பட்டியலைப் படகுத்துறையில் நின்று எழுதி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். லைன் வீட்டில் கலகம் வெடித்தது.

"எங்ககிட்டயே மறைக்கானே!" என்றாள் அம்மா. "ஒரே ஒரு தரம் காட்டுல."

"காட்டக் கூடாதும்மா. நீ முதல்ல தப்பாத்தான் சொல்லணும்."

"தப்பாச் சொல்லவா? அந்தச் சார் முன்னால? சுக்குல ஒரு சொத்தை விட்டதில்ல நான். என்னப் போயித் தப்புச் செய்யச் சொல்லுதான் பாரு."

"வேணும்னே செய்யாதே. தானா வரும்."

"எனக்கு வராது" என்றாள்.

அந்த நிமிஷம் நிஜமாகவே பயந்தேன். வராமல் போனால்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையோடு அம்மா படகில் ஏறினாள். எறணாகுளம் வந்து சேரும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, என்ன அசைகளாக இருக்கும் என்று ஊகித்துப் பார்த்தாளோ என்னவோ. லேபில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். சார் சுவரோரம் நின்றார். கூட்டாளிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் முறை படித்து முடித்தேன். அம்மா மூன்றைச் சொன்னாள். நான்காவதுக்கு வாயைத் திறந்தாள், மூடினாள், கூரையைப் பார்த்தாள்.

ஏழு தப்பு! வாழ்க்கையில் அம்மா திண்டாடியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். ஏழு என்று குறிக்கும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அடுத்த முறை ஆறு. அதற்கடுத்து மூன்று. கிராஃப் என் கண்முன்னே படிக்கட்டு மாதிரி இறங்கி வருகிறது! நான்காவது முறை பாதிப் பட்டியலில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது. ஜன்னலில் இருந்தவர்களும் தொடங்கிவிட்டார்கள். அம்மா நான்கு தப்பு விட்டாள். ஐந்தாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரே ஒரு தப்பு. ஆறாவதில் பத்தையும் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைக்கிற மாதிரி சொன்னாள்.

ஜன்னலில் கைத்தட்டல். நான் கிராஃபைப் போட்டு நீட்டினேன். சார் விரலை அதன்மேல் ஓட்டி, மூன்றிலிருந்து நான்குக்கு ஏறின இடத்தில் நிறுத்தினார்.

"இங்கே ஏன் ஏறுகிறது?"

புள்ளிகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"ரெக்கார்டில் ஒரு பகுதி காலியாக இருக்கிறது, கவனித்தாயா? சோதனைக்கு உட்பட்டவர் தன் மனதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். கேள்."

எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அம்மா, சொல்லும்போது உன் மனசுல என்ன நடந்துச்சு?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சாரைப் பார்த்தாள்.

"சாரே, மூணாவது தடவை பாதிக்கு மேல கைக்கு வந்துட்டு. நாலாவது தடவை இவன் பல்லைக் காட்டினான். பெத்தவ தடுமாறுதா, இவன் சிரிக்கான். எனக்கு அந்த எழுத்தெல்லாம் எங்கயோ போயிட்டு. வீட்டுல வச்சிருந்தா ஒண்ணு போட்டிருப்பேன். காலேஜாச்சேன்னு விட்டேன். எழுதிக்கிடுங்க."

"எழுது" என்றார் சார் என்னிடம்.

நான்காம் முறையின்போது சோதனையாளர் சிரித்ததால் தன் கவனம் சிதறியதாகச் சோதனைக்கு உட்பட்டவர் தெரிவித்தார் என்று இங்கிலீஷில் எழுதினேன். காது சுட்டது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"எழுதிட்டானா?" என்றாள் அம்மா. "சரியாத்தான் எழுதியிருக்கானான்னு நீங்க வாசிச்சுச் சொல்லுங்க சாரே. இவன நம்ப முடியாது."

சார் வாசித்து, மலையாளத்தில் வரிக்கு வரி சொன்னார். அம்மா கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் பேனா மூடியைக் கழற்றினார்.