கோட்டையூருக்குக் குடிவந்த துரை

1927 மார்ச் 9, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. வானத்தில் மேகமே இல்லை. வெயில் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. கோட்டையூரில் என் வீட்டு வாசலில் ஒரு வாடகை மோட்டார் வந்து நின்றது. ஏழு டிரங்குப் பெட்டிகளும் ஒரு சாய்வு நாற்காலியும் இறங்கின. கடைசியாக எங்கள் பழைய துரை இறங்கினார்.

ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் அவருக்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"எத்தனை நாளைக்கு வந்திருக்காக?" என்று உள்ளேயிருந்து என் மனைவி முணுமுணுத்தாள்.

நானும் அதையே சுற்றி வளைத்துத் துரையிடம் கேட்டேன். அவருடைய தமிழ் எங்களிடம் பழகிய தமிழ்.

"நாள் கணக்கு இல்லை. இனிமே இங்குட்டுத்தான்" என்றார். இங்கிலாந்தில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டாராம்.

வைகாசியில் என் கடைசி மகளுக்குக் கல்யாணம். மாட்டிறைச்சி தின்கிற வெள்ளைக்காரர் குடியிருக்கும் வீட்டில் சம்பந்தி வீட்டார் இலையில் உட்காருவார்களா? கல்யாணமே நின்றுவிடும். எப்படியாவது அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இத்தனை ஊர் இருக்க, இங்க வரணும்னு எப்படித் தோணுச்சு, தொரை?"

"நீங்கதானே வரச் சொன்னீக?"

"நானா?"

"ரங்கூன்ல, கப்பலடியில. ஆபீஸ்ல எல்லாரும் குட்பை சொன்னாக. நீங்க மட்டும் 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னீக. என் சம்சாரம் செத்த பிறகு வேற யாரும் என்னைய வரச் சொல்லலை."

பால்காரனைக்கூட நாங்கள் வெறும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை, அது அமங்கலம். அதற்காக ஒட்டவைக்கிற 'வா' அது. அதை நம்பி ஒரு மனிதர் வீட்டை விற்றிருக்கிறார். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துத் தொலைத்தாள். "வாய் நிறைய வரச் சொன்னீக, வந்துட்டாக. இப்ப ஏன் முழிக்கிறீக? தோட்டத்துல தனியா ஒரு வீடு கட்டிக் குடுங்க. அடுப்பு வேறன்னா சம்பந்தி ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"வாடகை?"

"வரச் சொல்லிட்டு வாடகை வேற கேப்பீகளோ?"

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு துரை தோட்டத்து வீட்டில் பால் காய்ச்சினார். சம்பந்தி அந்த அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, என் வீட்டில் இலை முன் உட்கார்ந்தார். ஓட்டு வீடு, தனிச் சமையல்கட்டு, குளியலறை, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு ரூபாய் ஆறணா.