சரஸ்வதிக்கு முன்னால் வைத்த ஹார்ட் டிஸ்க்

1. டெலீட்டட், டெலீட்டட்

எனக்குக் கண் தெரியாது. அதனால் அந்த விஜயதசமி காலையில் என் கம்ப்யூட்டர் செய்த அநியாயத்தை நான் பார்க்கவில்லை, காதால் கேட்டேன்.

"டெலீட்டட். டெலீட்டட். டெலீட்டட்."

திரையில் வருவதை வாசித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடருக்குச் சோகமும் தெரியாது, பதற்றமும் தெரியாது. பால் கணக்கு வாசிக்கிற குரலிலேயே ஒவ்வொரு கோப்பின் பெயரையும் சொல்லி, பக்கத்தில் 'டெலீட்டட்' என்று சொல்லிக்கொண்டே போனது. வழக்கமாக அந்த இடத்தில் 'காப்பீட்' என்று வரும். நான்கைந்து பெயர்கள் தாண்டிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன். ஆனால் பேச்சு எப்போதுமே இயந்திரத்துக்குப் பின்னால்தான் வரும். அது ஐந்தாவது பெயரைச் சொல்லும்போது, நிஜத்தில் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். நிறுத்திய பிறகு எண்ணச் சொன்னேன். இணையத்தில் இருந்த பிரதியில் மிச்சம் பூஜ்யம்.

எங்கள் இடம் சிட்லபாக்கத்தில், ஒரு வீட்டின் முதல் மாடி. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிற சின்ன நூலகம். இருபத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக "ஒன் மினிட் ப்ளீஸ்" சொல்லிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி இங்கே வந்தேன். கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. எழுத்தால் கேட்டால் எழுத்தால் பதில் சொல்லும், ஸ்க்ரீன் ரீடர் அதை எனக்கு வாசித்துக் காட்டும். கண்ணுள்ளவர்கள் கமாண்ட் லைனைப் பார்த்து மிரளும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அந்தக் குஷிக்குத்தான் அன்று சரியான ஆப்பு.

பதிவுகள் எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அதன் பிரதி ஒன்று இணையத்தில், கிளவுடில். வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டளை போட்டு டிஸ்க்கில் இருப்பதை மேலே ஏற்றுவேன். மாணவர்களுக்குக் கிளவுட் லிங்க்கைக் கொடுத்துவிடுவோம். அவர்கள் போனிலேயே கேட்டுப் படிப்பார்கள்.

அந்தக் கட்டளைக்கு நான் வைத்திருந்த சுருக்கப் பெயர் 'ஏத்து'. அதற்குள்ளே இருந்தது 'சிங்க்'. இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். சிங்க் என்றால் நகல் எடுப்பது இல்லை. கீழே எப்படி இருக்கிறதோ, மேலேயும் அச்சு அசல் அப்படியே ஆக்குவது. கீழே ஒன்றுமில்லை என்றால், மேலேயும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டுத்தான் ஓயும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போட்டிருந்தேன். இடம் மிச்சமாகும், குப்பை சேராது என்று கெட்டிக்காரத்தனம்!

அந்த விஜயதசமியும் செவ்வாய்தான். அன்று புதிதாக வாசிக்க வந்திருந்தார் சந்திரசேகர் சார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல நாளில் தொடங்க வேண்டுமென்று காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார். அவரிடம் என் வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"ஒரே வார்த்தை சார். அடிச்சு என்டர் தட்டினா, அத்தனை புத்தகமும் பத்திரமா மேல போயிடும்" என்று சொல்லித் தட்டினேன்.

மேலேதான் போய்விட்டன, திரும்பி வராத இடத்துக்கு.

2. "புக்கெல்லாம் அதுல தானே கீது"

டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவினேன். வயர் மட்டும் தொங்கியது.

"பிரேமா! டிஸ்க்கை யாருடி கழட்டினது?"

பிரேமா படப்பையிலிருந்து வருகிறவள். எங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பது, ரசீது போடுவது, மாணவர்களைப் பஸ் ஏற்றிவிடுவது என்று எல்லாம் அவள்தான். சமையலறைப் பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"நான்தான்கா. நேத்து சரஸ்வதி பூஜையில வெச்சேன்."

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைன்னுதானே சொன்னேன்? டிஸ்க்கை எதுக்கு எடுத்த?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? புக்கெல்லாம் அதுல தானே கீது? பொஸ்தகத்த சாமிகிட்ட வெக்காம, வெறும் பொட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சா சரஸ்வதி ஒத்துக்குமா?"

இப்போது நினைத்தால் அவள் நியாயம் எவ்வளவு சுத்தமானது! நூலகத்தில் அச்சுப் புத்தகம் எட்டோ பத்தோதான். மற்றதெல்லாம் அந்த டிஸ்க்குக்குள். முறைப்படி கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. அதனால் எடுக்கவில்லை. மறுபூஜை பத்தரைக்கு மேல். ஒன்பதுக்கே கம்ப்யூட்டரை ஆன் செய்தது நான். டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்காமல் எழுந்துகொள்ளட்டும் என்று முன்பே செட்டிங் போட்டு வைத்த புண்ணியவதியும் நான். டிஸ்க் இணைகிற ஃபோல்டர் வெறுமையாக நின்றது. சிங்க் அதைப் பார்த்தது, மேலே இருந்ததையும் அதே மாதிரி வெறுமையாக்கியது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது.

"போய் எடுத்துட்டு வா" என்றேன். டிஸ்க் கைக்கு வந்தபோது பிசுபிசுவென்றிருந்தது. முகர்ந்தேன். சந்தனத்தோடு இளநீர் மாதிரி ஒரு வாசனை.

"தேங்கா ஒடச்ச தண்ணி தட்டுல கொட்டிச்சுக்கா. கொஞ்சம்தான்..."

துடைத்து, ஃபேனில் காயவைத்து மாட்டினோம். டிக், டிக், டிக். அவ்வளவுதான், டிஸ்க் போய்விட்டது. ஈரத்தோடு மாட்டியதே தப்பு என்று பிறகு சர்வீஸ்காரர் சொன்னார். அவசரத்தில் அதையும் செய்தேன்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "உனக்கு எதுக்கு இந்த வேலை, மார்க்கெட்ல கீரை விக்கப் போ" என்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரேமா செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு படியிறங்குகிற சத்தம்.

சந்திரசேகர் சார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. டிஸ்க்கை எடுத்தது அவங்க. அழிக்கச் சொன்னது நீங்க."

முதல் நாள் வேலைக்கு வந்த மனுஷன்!

3. முருகேசன் போன் செய்தான்

அந்த நேரம் பார்த்துப் போன். குன்றத்தூர் முருகேசன்.

"அக்கா, லிங்க்கு ஓப்பன் ஆவலக்கா. காலையில இருபத்தெட்டாம் பாடம் கேட்டுகினு இருந்தேன், பாதியில நின்னுடுச்சு."

முருகேசனுக்கு வரும் ஞாயிறு அரசுத் தேர்வு. மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும் பொருளாதாரப் பகுதியில்தான் மார்க் போனது. அந்தப் புத்தகம் வேறெங்கும் ஒலி வடிவில் கிடைக்காது. அவனுக்காகவே முப்பத்திரண்டு பாடங்களையும் பதிவு செய்திருந்தோம். அவன் அம்மா மீன் விற்று இவனை உட்கார வைத்துப் படிக்க வைக்கிறாள். "இதோட முடியலன்னா நானும் கூடையத் தூக்க வேண்டியதுதான்கா" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

"சின்ன ரிப்பேர்டா. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்று பொய் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கிளவுடில், அழித்த கோப்பு உடனே ஒழிந்துபோகாது. கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். மவுஸ் வைத்து ஒவ்வொன்றாக மீட்பது என்னால் ஆகாது. ஆனால் நான் பயன்படுத்துகிற நிரலிலேயே, குப்பையிலிருந்து எடுக்க ஒரு கட்டளை உண்டு. கையேட்டைத் திறந்து வரி வரியாகக் கேட்டேன். இந்தத் தடவை குஷியெல்லாம் இல்லை. முதலில் 'ட்ரை ரன்' போட்டேன். ட்ரை ரன் என்றால், செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லிக் காட்டுவது. பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது. காதைப் பூதக்கண்ணாடியாக்கிக்கொண்டு கால் மணி நேரம் கேட்டேன். எல்லாம் எங்கள் புத்தகங்கள்தான். சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் இருப்பதை அவரையும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம்தான் நிஜக் கட்டளை.

நெடுநேரம் சத்தமே இல்லை. சார் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வந்தது. கடைசியில் அதே பால் கணக்குக் குரலில் பதில் வந்தது. மீட்டவை நாலாயிரத்துச் சொச்சம், பிழைகள் பூஜ்யம்.

நான் அழுதேன். சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முருகேசனின் ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். இருபத்தொன்பது. மூன்று பாடம் குறைந்தது. போன செவ்வாய்க்குப் பிறகு பதிவானவை, மேலே ஏறவே இல்லை. அவை இருந்தது தேங்காய்த் தண்ணீர் குடித்த டிஸ்க்கில் மட்டும்.

4. வேண்டாம் என்ற குரல்

அந்தப் பாடங்களை வாசித்தவர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். சார் முப்பதாம் பாடத்தை அன்றே வாசித்தார். ஏசி அறை, பழக்கமில்லாத மைக், மறுநாள் அவர் தொண்டை கட்டிப்போய் காற்றுதான் வந்தது. இன்னும் இரண்டு பாடம். வாசிக்க ஆளில்லை.

பிரேமாவுக்குப் போன் செய்தேன். நான்கு தடவை அடித்தபிறகு எடுத்தாள்.

"வந்து வாசிக்கிறியா?"

"நானா? என் நாக்கு படப்பை மார்க்கெட்டுன்னு நீதானேக்கா சொன்ன?"

சொன்னதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் குரல் தேர்வுக்கு ஆசையாக வந்து உட்கார்ந்தவளை, ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

"முருகேசனுக்குடி" என்றேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு பத்தியையும் வாய்க்குள் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு வாசித்தாள். ழகரம் சறுக்கினால் அவளே நிறுத்தி, "இரு இரு, மறுபடி" என்று திரும்ப வாசித்தாள். எதிரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான். புரிந்து வாசிக்கிற குரல் அது. வட்டி விகிதத்தைப் பற்றி வாசிக்கும்போது அவளுக்கே அதில் கோபம் இருந்தது. இதையா வேண்டாம் என்றேன்?

எங்கள் பக்கம் அடிக்கடி விமானம் தாழப் பறக்கும். வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, அது போகும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். முப்பத்தோராம் பாடத்தின் நடுவில், நிதிக்குழு பற்றிய பகுதி முடிந்த இடத்தில் ஒன்று வந்தது. பட்டனை அழுத்தினேன். அந்த இரைச்சலில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"பிரேமா, அன்னிக்கு உன்னைக் கத்தினது தப்பு. கட்டளை போட்டது நான்தான். உன் குரலை வேணாம்னு சொன்னதும் தப்பு. என்னை மன்னிச்சுடு."

விமானம் போனதும் அவள் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிக்கா, வுடு. அழுவாத. மூக்க சிந்திகினு வா, வரி பத்தி இன்னும் ஆறு பக்கம் கீது."

அன்று மாலையே இரண்டு பாடங்களும் மேலே ஏறின. சரிபார்த்துக் கேட்க நேரமில்லை. ஞாயிறு மதியம், தேர்வு முடிந்ததும் முருகேசன் போன் செய்தான்.

"நல்லா எழுதிட்டேன்கா. நிதிக்குழு பத்தி ஒரு கேள்வி. விடை டக்குனு வந்துச்சு. அது முடிஞ்ச எடத்துலதானே நீ அழுதுகினு மன்னிப்பு கேக்குற!"

பட்டனை நான் சரியாக அழுத்தவில்லை. விமானம், என் அழுகை, மூக்கு சிந்திய சத்தம், எல்லாம் பாடத்தோடு பாடமாகப் பதிவாகி, லிங்க் வைத்திருந்த பதினோரு பேருக்கும் போயிருந்தது.

முருகேசன் அந்தத் தேர்வில் பாஸ் செய்தான். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை.

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சிங்க் போடாதீர்கள், காப்பி போடுங்கள். டிஸ்க்கில் ஒரு சின்ன அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டும் வேலையைத் தொடங்கு என்று ஸ்கிரிப்டில் எழுதுங்கள். மாறுகிற கோப்பின் பழைய வடிவம், தேதி போட்ட தனி ஃபோல்டரில் தங்கட்டும். ட்ரை ரன் பார்க்காமல் எதையும் ஓடவிடாதீர்கள். மனிதர்கள் மேல் கத்துவதற்கு ட்ரை ரன் கிடையாது, அதனால் அங்கே இன்னும் ஜாக்கிரதை. நான் இவை எல்லாவற்றையும் செய்துவிட்டேன். எங்கள் கிளவுடில் இப்போது எதுவும் அழியாது.

போன மாதம் அந்த முப்பத்தோராம் பாடத்தை எடுத்து, என் அழுகையை மட்டும் வெட்டி, திரும்ப ஏற்றினேன். பிரேமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பழசு தனி ஃபோல்டர்ல கீது இல்லக்கா?" என்றாள். "நான் அதோட லிங்க்கத்தான் அனுப்பிகினு கீறேன். அதக் கேட்டாதான் பசங்களுக்கு நிதிக்குழு மனசுல நிக்குதாம்."